அனுப்பும் வரை கூட இருப்பது: புதிய எழுத்தாளர்கள் வாசிப்புக் குழு நடத்தும் முறை

எழுதத் தொடங்கியவர்களில் பலர் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கதை முடிந்திருக்கும். படித்துப் பார்த்தவர் வீட்டில் ஒருவர், நண்பர் ஒருவர். "நல்லா இருக்கே, எங்கயாவது அனுப்பேன்" என்று சொல்லியிருப்பார்கள். எங்கே அனுப்புவது, எந்த வடிவத்தில் அனுப்புவது, பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று சொல்ல ஆள் இருக்காது. ஒருமுறை அனுப்பிப் பதில் வராமல் போனதும் அந்தக் கதை கணினியிலேயே தங்கிவிடும். எழுதத் தெரியாததால் இப்படி ஆவதில்லை. எழுதி முடித்ததற்கும் பிரசுரமாவதற்கும் நடுவில் இருக்கும் வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய வேண்டியிருப்பதால்தான் இப்படி ஆகிறது.

அந்த வேலையைப் பகிர்ந்துகொள்வதற்குத்தான் வாசிப்புக் குழு. இப்படித் தொடங்கும் குழுக்கள் பல, ஒன்று பரஸ்பரப் பாராட்டு மன்றமாகிவிடும், அல்லது ஒருவரை ஒருவர் கிழிக்கும் இடமாகிவிடும். இரண்டும் கலைந்துபோகும். ஊக்கம் தேவைதான். ஆனால் எழுதுகிறவருக்கு உண்மையில் ஊக்கம் தருவது, தன் எழுத்தை ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறார் என்று தெரிவதும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதும்தான். ஆகவே குழுவுக்கு ஒரே குறிக்கோள் போதும்: ஒவ்வொருவர் படைப்பும் முடிய வேண்டும், திருந்த வேண்டும், ஆசிரியரின் மேசைக்குப் போக வேண்டும், திரும்பி வந்தால் அடுத்த மேசைக்குப் போக வேண்டும்.

ஆட்களைச் சேர்ப்பது

நான்கு முதல் ஆறு பேர். ஐந்து மிகப் பொருத்தம். மூன்று பேர் என்றால் ஒருவர் வராத நாளில் குழுவே இல்லை. எட்டுப் பேர் என்றால் உங்கள் முறை வருவதற்குள் எழுதிய வேகம் ஆறிவிடும். படிக்க வேண்டிய பக்கங்களும் கையை மீறிவிடும்.

திறமையைவிட முக்கியம் இரண்டு விஷயங்கள். சொன்ன தேதிக்குள் படித்துவிடும் பழக்கம் ஒன்று. ஏறக்குறைய ஒரே கட்டத்தில் இருப்பது இன்னொன்று. ஒருவர் பல புத்தகங்கள் போட்டவராகவும் மற்றவர்கள் முதல் கதை எழுதுகிறவர்களாகவும் இருந்தால் குழு வகுப்பறையாகிவிடும். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தே கருத்துச் சொல்வார்கள். வகைகள் கலந்திருக்கலாம். சிறுகதை எழுதுகிறவர் கட்டுரைக்குச் சொல்லும் கருத்து பல சமயம் கூர்மையாகவே இருக்கும். கவிதைக்கு மட்டும் குறைந்தது இன்னொரு கவிஞராவது குழுவில் இருப்பது நல்லது.

நெருங்கிய நண்பர்களையும் உறவினர்களையும் தவிர்த்துவிடுங்கள். அவர்களால் உங்களையும் உங்கள் கதையையும் பிரித்துப் பார்க்க முடியாது. கதையில் வரும் அம்மா உங்கள் அம்மாதானா என்ற கேள்வியிலேயே அவர்களுடைய வாசிப்பு நின்றுபோகும்.

முதலில் மூன்று மாதம் என்று பேசிக்கொண்டு தொடங்குங்கள். ஒத்துவராதவர் மனவருத்தமில்லாமல் விலகிக்கொள்ள அது வழிவிடும். ஒருங்கிணைக்கும் பொறுப்பும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைமாறட்டும். தேதி நினைவூட்டுவது, நேரம் பார்ப்பது, அனுப்பிய பட்டியலைப் புதுப்பிப்பது என்று அதில் சலிப்பூட்டும் வேலைகள் உண்டு. எப்போதும் ஒருவர் தலையிலேயே விழுந்தால் அவர் எழுதுவதை நிறுத்திவிடுவார்.

எவ்வளவு, எப்போது

ஒரு சந்திப்புக்கு இரண்டு படைப்புகளுக்கு மேல் வேண்டாம். கணக்குப் பார்த்தால் காரணம் புரியும். 3,000 சொல் கொண்ட கதையை ஒருமுறை நிதானமாகப் படிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டாம் முறை குறிப்பெழுதிக்கொண்டே படிக்க முக்கால் மணி நேரம். ஆக ஒரு கதைக்கு ஒரு மணி நேரம், இரண்டு கதைக்கு இரண்டு. வேலைக்குப் போகிற ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இவ்வளவுதான் தர முடியும். மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றையுமே மேலோட்டமாகப் படித்துவிட்டு வருவார்கள்.

அளவு: சிறுகதை அல்லது கட்டுரை 3,000 சொற்களுக்குள், கவிதை மூன்று அல்லது நான்கு. பக்கத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். எழுத்துருவும் வரி இடைவெளியும் மாறினால் பக்கக் கணக்கும் மாறிவிடும். சந்திப்புக்கு ஏழு நாள் முன்னதாக எல்லோர் கைக்கும் வந்துவிட வேண்டும். முந்தின நாள் இரவு வரும் வரைவை அந்தச் சந்திப்பில் எடுக்கக் கூடாது. இந்த விதியில் ஒருமுறை இளகினால் அடுத்த மாதமே எல்லா வரைவும் முந்தின நாள் இரவில்தான் வரும்.

வரைவின் முதல் பக்கத்தில் மேலாக மூன்று தகவல்கள் இருக்கட்டும்: இது எத்தனையாவது வரைவு, எங்கே அனுப்பும் எண்ணம், குழுவிடம் கேட்க விரும்பும் இரண்டு மூன்று கேள்விகள். "எப்படி இருக்கு?" என்பது கேள்வியாகாது. "அண்ணன் பொய் சொல்கிறான் என்பது எந்தப் பக்கத்தில் தெரிந்தது?" "நடுவில் ஐந்து வருடம் தாண்டுவது குழப்பியதா?" இந்த மாதிரிக் கேள்விக்கு விடை கிடைக்கும். கதை எதைப் பற்றியது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லாதீர்கள். அதைப் படிப்பவர் தானாகக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்கத்தானே கொடுக்கிறீர்கள்.

நாவலுக்கு இந்த முறை சரிப்படாது. மாதம் ஒரு அத்தியாயம் என்று போனால் எட்டாவது வரும்போது முதலாவது மறந்திருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. முதல் மூன்று அத்தியாயங்களைத் திருத்தித் திருத்தியே நாவல் நின்றுபோகும். முழு வரைவும் முடிந்த பிறகு குழுவில் இருவர் மட்டும் ஐந்தாறு வாரம் எடுத்துக்கொண்டு ஒரே மூச்சாகப் படித்துச் சொல்வதுதான் பயன்படும். அதற்கு முன் தேவைப்பட்டால் முதல் அத்தியாயத்தையும் 300 சொல்லில் கதைச் சுருக்கத்தையும் ஒருமுறை காட்டலாம்.

எப்படிப் படிப்பது, எப்படிச் சொல்வது

குழுவின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். ஒரு பத்திரிகை வாசகர் படிப்பதுபோலப் படியுங்கள். முடித்ததும் கதையைப் பார்க்காமல் இரண்டு வரி எழுதுங்கள்: இது யாருடைய கதை, அவருக்கு என்ன ஆயிற்று. மற்ற நால்வரும் எழுதிய இரண்டு வரிகளும் எழுதியவர் நினைத்ததோடு ஒத்துப்போகின்றனவா என்பதே முதல் பரிசோதனை. மூவர் வேறு யாரையோ நாயகனாக எழுதியிருந்தால் மற்ற எந்தக் குறையும் அப்புறம்தான்.

இரண்டாம் வாசிப்பில் மூன்று இடங்களைக் குறியுங்கள்: கவனம் சிதறிய இடம், குழம்பிய இடம், நம்ப முடியாமல் போன இடம். நன்றாக வந்த இடங்களையும் அதே அக்கறையோடு குறியுங்கள். பல குழுக்கள் இதை மரியாதைக்காகச் செய்கின்றன. "தொடக்கம் அருமை" என்று ஒரு சொல். பிறகு குறைகளின் பட்டியல். அப்படிப்பட்ட பாராட்டு யாருக்கும் உதவாது. "தாத்தா அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும் என்று அங்கே எனக்குப் பட்டது." இதைக் கேட்கும் எழுத்தாளர், ஒரு செய்கையாலேயே இவ்வளவு சொல்லிவிட முடிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார், அடுத்த பக்கத்தில் அதையே விளக்கி எழுதிய பத்தியைத் தானே அடித்துவிடுவார். தன் பலம் எது என்று தெரியாதவர் திருத்தும்போது அந்தப் பலத்தையும் சேர்த்து வெட்டிவிடுவார். அதனால் குறிப்பான பாராட்டு, குறை சொல்வதற்குச் சற்றும் குறையாத தொழில்நுட்ப உதவி.

குறையையும் அப்படியே சொல்ல வேண்டும். "நடை கொஞ்சம் தொய்வு" என்றால் எழுதியவர் என்ன செய்வார்? "மூன்றாம் பக்கத்தில் பேருந்து நிறுத்தக் காட்சியின் நடுவில் என் கவனம் போய்விட்டது. அவள் வேலையை விட்டுவிட்டாள் என்று போன பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. இங்கே அதையே மூன்று முறை நினைத்துப் பார்க்கிறாள்." பக்கம், நேர்ந்தது, காரணம் மூன்றும் இதில் இருக்கின்றன. தீர்வைச் சொல்லவில்லை. தீர்வு எழுதியவர் வேலை. "இந்த இடத்தில் அவள் அழ வேண்டும்", "முடிவை மாற்றி அவனைச் சாகடித்துவிடுங்கள்" என்பவர் வேறொருவர் கதையில் தன் கதையை எழுதப் பார்க்கிறார். வாக்கியங்களைத் தன் நடையில் மாற்றி எழுதித் தருவதும் இதே தவறுதான். கேட்டால் ஒழிய வேண்டாம்.

முதல் வரைவுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் சிக்கல்கள் உண்டு. அவற்றைத் தேடியே ஒருமுறை பார்க்கலாம். கதை உண்மையில் இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கும். முதல் பக்கம் எழுதியவர் தன்னைத் தயார்படுத்திக்கொண்டது. கடைசிப் பத்தி, கதை ஏற்கெனவே காட்டிவிட்டதை மறுபடி விளக்கும். ஒருவர் பார்வையில் போய்க்கொண்டிருக்கும் காட்சியில் திடீரென்று இன்னொருவர் மனதுக்குள் இருப்பது வந்துவிடும். கமலா, கவிதா, கண்ணன் என்று ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் வாசகரைக் குழப்பும். எல்லோரும் ஒரே மாதிரி பேசுவார்கள். பெயரை மறைத்துவிட்டு உரையாடலை மட்டும் படித்தால் யார் பேசுவது என்று தெரியாது. விவரிப்பில் "வந்தான்", "வருகிறான்" என்று காலம் காரணமில்லாமல் மாறும். எழுத்து நடையில் போகும் விவரிப்புக்குள் பேச்சு வடிவங்கள் நுழைந்துவிடும். ஒற்று மிகுதல், ர-ற, ந-ன-ண குழப்பம் போன்றவற்றைச் சந்திப்பில் பேசி நேரத்தை வீணாக்காமல், பிரதியிலேயே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

கவிதைக்கு ஒரு வழி இருக்கிறது. எழுதியவர் படிக்கக் கூடாது. இன்னொருவர், முன்கூட்டிப் பழகாமல், உரக்கப் படிக்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறார், எந்த வரி முறிவில் மூச்சு தவறுகிறது, எந்தச் சொல்லை மாற்றிப் படித்துவிடுகிறார் என்று கவிஞர் கேட்டுக் குறித்துக்கொண்டால் பாதித் திருத்தம் அங்கேயே கிடைத்துவிடும்.

சந்திப்பு நடக்கும் விதம்

1956இல் டேமன் நைட், ஜூடித் மெரில், ஜேம்ஸ் பிளிஷ் ஆகியோர் அமெரிக்காவில் மில்ஃபோர்ட் என்ற ஊரில் தொடங்கிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் பட்டறையின் முறை இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றப்படுகிறது. எல்லோரும் வட்டமாக உட்கார்வார்கள். ஒவ்வொருவராகச் சுருக்கமாகக் கருத்துச் சொல்வார்கள். இடையில் யாரும் குறுக்கிட மாட்டார்கள். எழுதியவர் வாய் திறக்காமல் குறித்துக்கொள்வார். எல்லோரும் முடித்த பிறகுதான் அவர் பேசுவார்.

எழுதியவர் பேசாமலிருப்பது கடினம். ஆனால் காரணம் வலுவானது. பத்திரிகை அலுவலகத்தில் படிக்கிற உதவி ஆசிரியர் பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டு "இல்லீங்க, நான் சொல்ல வந்தது என்னன்னா" என்று விளக்க முடியாது. பிரதியில் இல்லாதது வாசகருக்கு இல்லை. விளக்கத் தொடங்கினால் கருத்துச் சொல்கிறவரும் அடங்கிவிடுவார். மீதி உண்மையைச் சொல்ல மாட்டார்.

ஐந்து பேர் குழுவில் ஒரு படைப்புக்கு இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: நான்கு பேருக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம், பொது உரையாடலுக்குப் பதினைந்து, எழுதியவருக்குப் பத்து. மொத்தம் முக்கால் மணி நேரம். இரண்டு படைப்புக்கு ஒன்றரை மணி. தயக்கம் உள்ளவர் முதலில் பேசட்டும். சரளமாகப் பேசுகிறவர் கடைசியில். வரிசையை மாற்றினால் மற்றவர்கள் முதல் ஆளின் கருத்தையே வேறு சொற்களில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இன்னும் உருவாகாத, நடுங்கிக்கொண்டிருக்கும் முதல் வரைவுக்கு இந்த முறை சற்றுக் கடுமை. அதற்கு நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் வகுத்த நான்கு படி முறை பொருந்தும். முதலில் பார்வையாளர்கள் தங்களுக்கு எது மனதில் நின்றது என்று மட்டும் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் கேள்வி கேட்பார். மூன்றாவதாகப் பார்வையாளர்கள் கேட்பார்கள், கருத்தை உள்ளே ஒளிக்காத நடுநிலைக் கேள்விகளாக. "ஏன் இவ்வளவு நீளம்?" என்பதில் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது, "இந்தக் காட்சிக்கு இந்த நீளத்தை எப்படி முடிவு செய்தீர்கள்?" என்பதில் இல்லை. கடைசியில், "முடிவைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது, கேட்க விருப்பமா?" என்று அனுமதி கேட்டுவிட்டே கருத்து. வேண்டாம் என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு உண்டு.

சந்திப்பு முடிந்த அன்றே திருத்த உட்காராதீர்கள். குறிப்புகளை மூன்று நான்கு நாள் ஒதுக்கி வையுங்கள். பிறகு எடுத்துப் பார்த்தால், எந்தக் கருத்து சுட்டாலும் உண்மை, எது அந்த ஒருவரின் ரசனை என்று பிரித்துப் பார்க்க முடியும். மூன்று பேர் ஒரே பத்தியில் மூன்று வெவ்வேறு குறை சொன்னால், அவர்கள் சொன்ன காரணங்கள் தவறாக இருக்கலாம். ஆனால் அந்தப் பத்தியில் ஏதோ சரியில்லை. பல சமயம் கோளாறு அதற்கு இரண்டு பக்கம் முன்னால், வாசகருக்குக் கொடுக்காமல் விட்ட ஒரு தகவலில் இருக்கும். ஒரே ஒருவர் மட்டும் சொன்னது உங்கள் மனதுக்கு ஒப்பவில்லையென்றால் விட்டுவிடலாம், விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஒரே கதையை மூன்றாம் முறை குழுவுக்குக் கொண்டுவராதீர்கள். அதற்குமேல் எல்லோருக்கும் கதை பழகிப்போய், புதிதாகப் படிக்கும் கண் யாரிடமும் இருக்காது. அனுப்பும் நேரம் வந்துவிட்டது.

அனுப்புவது

அனுப்புவதற்கு முன்பே ஐந்து இடங்களை வரிசையாக எழுதி வையுங்கள். ஒவ்வொரு இதழிலும் அண்மையில் வந்த மூன்று இதழ்களையாவது படித்திருக்க வேண்டும். அவர்கள் போடும் கதையின் நீளம், நடை, எந்த மாதிரி கதையைப் போடுவதில்லை என்பது அதில் தெரிந்துவிடும். குழுவின் பெரிய பயன் இங்கே உண்டு: ஆளுக்கு இரண்டு இதழ்களைப் பிரித்துக்கொண்டு படித்தால் பத்து இதழ்களைப் பற்றிய தெளிவு எல்லோருக்கும் கிடைக்கும்.

இதழ் தரும் விதிமுறையை இருவர் தனித்தனியாகப் படித்துப் பிரதியோடு ஒப்பிடட்டும். சொல் வரம்பு, கோப்பு வகை, பெயர் இருக்கலாமா, ஒரே நேரத்தில் வேறு இதழுக்கும் அனுப்பலாமா, ஏற்கெனவே வெளியானதை ஏற்பார்களா. கடைசியதில் பலர் விழுகிறார்கள். எல்லோரும் பார்க்கும்படி வலைப்பூவிலோ முகநூலிலோ முழுக் கதையையும் போட்டிருந்தால் அதைப் பிரசுரமானதாகவே பல ஆசிரியர்கள் கருதுவார்கள். குழுவுக்குள் பகிர்வதையும் மின்னஞ்சலிலோ, அழைக்கப்பட்டவர் மட்டும் திறக்கும் கூகுள் டாக்ஸ் கோப்பிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவை (ஏஐ) வைத்து எழுதியதைப் பற்றிய விதியையும் தேடிப் படியுங்கள். அப்படி எழுதப்பட்ட கதைகள் வந்து குவிந்ததால் 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற இதழ் படைப்புகள் வாங்குவதையே சில காலம் நிறுத்திவைத்தது. இதழ் எதைக் கேட்கிறதோ அதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும்.

விதிமுறை எதுவும் இல்லாவிட்டால் இந்த வடிவம் எங்கும் பிழைபோகாது: யூனிகோட் எழுத்துரு, 12 புள்ளி அளவு, நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், ஒன்றரை அல்லது இரட்டை வரி இடைவெளி, பக்க எண், முதல் பக்கத்தில் தலைப்பு, பெயர், தொடர்பு விவரம், சொல் எண்ணிக்கை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை மாற்றி எடுத்திருந்தால் முழுவதையும் ஒருமுறை படியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். வேர்ட் கோப்பாகவே அனுப்புங்கள். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் எழுத்துகள் சிதைவது வழக்கம். அச்சுக்கு எடுக்கிறவர் மறுபடி தட்டச்சு செய்ய நேரிடும். கோப்பின் பெயர் கதையின் தலைப்பும் உங்கள் பெயருமாக இருக்கட்டும். பெயர் மறைத்து அனுப்ப வேண்டிய போட்டி என்றால் கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் பெயரையும் நீக்க வேண்டும்.

உடன் வைக்கும் கடிதம் நூறு சொல் தாண்டத் தேவையில்லை. "வணக்கம். 'ஈரச் சுவர்' என்ற என் சிறுகதையை உங்கள் இதழின் பரிசீலனைக்கு அனுப்புகிறேன். 2,140 சொற்கள். அச்சிலோ இணையத்திலோ இதுவரை வெளிவராதது. வேறு எங்கும் பரிசீலனையில் இல்லை. சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட இடம்பெயர்ந்தோர் கதைகளின் வரிசையில் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நன்றி." இவ்வளவுதான். முன்பு பிரசுரமானவை இருந்தால் ஒரு வரி; இல்லையென்றால் அதைச் சொல்லவே வேண்டாம். "இது என் முதல் முயற்சி, பிழை இருந்தால் பொறுத்தருள்க" என்பதும், "படித்தவர்கள் எல்லோரும் கண்கலங்கினார்கள்" என்பதும், கதையின் கருத்தை விளக்குவதும் பிரதியின் மீதான நம்பிக்கையைக் குறைக்கின்றன.

குழுவுக்கு ஒரு பொதுப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். எக்செல் போதும்: படைப்பு, சொற்கள், இதழ், அனுப்பிய தேதி, விசாரிக்க வேண்டிய தேதி, பதில், அடுத்த இடம். ஒவ்வொரு சந்திப்பிலும் முதல் ஐந்து நிமிடம் இதைத் திறந்து பார்க்க வேண்டும். "அடுத்த இடம்" என்ற கட்டம் யாருடைய வரிசையிலாவது காலியாக இருந்தால் அன்றே நிரப்புங்கள். தனியாக இருப்பவர் தள்ளிப்போடும் வேலை இதுதான்.

இதழ் சொன்ன காலம் முடிந்து இரண்டு வாரம் கழித்து மூன்று வரியில் ஒருமுறை விசாரிக்கலாம். மேலும் ஒரு மாதம் பதில் இல்லையென்றால், படைப்பைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்ப அனுமதி இருந்து, ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால் அன்றே மற்ற இடங்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும். இதில் தவறினால் ஆசிரியர்கள் மறப்பதில்லை.

திரும்பி வரும்போது

மறுப்பு எல்லாம் ஒன்றல்ல. எல்லோருக்கும் போகும் அச்சடித்த மாதிரிப் பதில், "இப்போதைக்குப் பொருந்தவில்லை" என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. இடமின்மையாக இருக்கலாம், அதே கருவில் வேறு கதை கையில் இருக்கலாம். அதிலிருந்து உங்கள் திறமையைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது. கதையைப் பற்றி ஆசிரியர் தன் கையால் இரண்டு வரி எழுதியிருந்தால் அது பெரிய விஷயம். குவிந்து கிடக்கும் பிரதிகளுக்கு நடுவே உங்களுக்கு எழுத நேரம் ஒதுக்கியிருக்கிறார். அந்த இதழுக்கு உங்கள் அடுத்த கதையை அனுப்புங்கள். "இதைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள்" என்பது கிட்டத்தட்டத் திறந்த கதவு. அதைப் புண்பட்ட மனதோடு மறுப்பாக எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். இந்த ஒரு தவற்றைத் தடுத்தாலே குழு தன் வேலையைச் செய்துவிட்டது என்பேன்.

மறுப்பு வந்த நாளில் குழு செய்ய வேண்டியது குறைவு. ஆசிரியரைத் திட்டி ஆறுதல் சொல்லாதீர்கள். நாளைக்கு அதே ஆசிரியருக்குத்தான் எழுத வேண்டும். "உன் கதை அவங்களுக்குப் புரியல" என்பதும் வேண்டாம். கதையில் உங்களுக்குப் பிடித்த அந்த ஒரு குறிப்பான இடத்தை நினைவூட்டுங்கள். பிறகு பட்டியலில் அடுத்த இதழுக்கு இரண்டு நாளுக்குள் அனுப்ப உதவுங்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் கதையை மாற்றத் தேவையில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஒரே குறையைச் சொன்னால் மாற்றுங்கள். நான்கைந்து இடங்களிலிருந்து வெறும் மாதிரிப் பதில் மட்டுமே வந்தால் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுங்கள்; பிரதிகளை வடிகட்டும்போது முதல் பக்கத்திலேயே முடிவெடுப்பது சகஜம். மறுத்த ஆசிரியரிடம் வாதாடி மட்டும் எழுதாதீர்கள்.

குழுவில் ஒருவர் கதை ஏற்கப்படும்போது மற்றவர்களுக்குப் பொறாமை வரும். அது இயல்பு, வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரசுரமானவர் விவரத்தைப் பகிர்ந்தால் அது சீக்கிரம் தணியும்: எத்தனை நாளில் பதில் வந்தது, ஆசிரியர் எதை வெட்டச் சொன்னார், மெய்ப்பு பார்க்க எத்தனை நாள் தந்தார்கள். இந்தத் தகவல் அடுத்தவருக்கு நேரடியாகப் பயன்படும். ஆனால் அவரிடம் சிபாரிசு கேட்டு நெருக்காதீர்கள்.

புத்தகமாக்க முன்வருபவர் வந்தால்

தொகுப்பு போடுகிறோம் என்று யாராவது அணுகினால் ஒப்பந்தத்தைக் குழு முழுவதும் சேர்ந்து படியுங்கள். ஆசையில் இருக்கும் ஒருவர் கண்ணுக்குப் படாதது மற்ற நால்வருக்குப் படும். பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். தேர்வு செய்து வெளியிடும் பதிப்பகம் எழுத்தாளரிடம் அச்சுச் செலவு கேட்காது. செலவை நீங்களே ஏற்று வெளியிடுவதும் ஒரு வழிதான். ஆனால் அதை அந்தப் பெயரில் சொல்ல வேண்டும். "உங்கள் எழுத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், இத்தனை பிரதிகளை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று வந்தால் அது விற்பனை, தேர்வல்ல.

பதிப்புரிமையை எழுதிக்கொடுப்பதும் வெளியிட அனுமதி தருவதும் வேறு வேறு. அனுமதி எந்த மொழிக்கு, எந்த வடிவத்துக்கு, எத்தனை வருடத்துக்கு என்று எழுதியிருக்க வேண்டும். அச்சுக்குக் கொடுக்கும்போது மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை எல்லாம் ஒரே வரியில் சேர்ந்து போய்விடக் கூடாது. விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்ற விதி இருக்கிறதா பாருங்கள். ராயல்டி எதன் மீது என்பதும் முக்கியம். புத்தக விலையில் பத்து சதவீதம் ஒன்று. பதிப்பகத்துக்கு வந்துசேரும் தொகையில் பத்து சதவீதம் இன்னொன்று. விற்பனையாளர் கழிவு நாற்பது சதவீதம் என்றால் இரண்டாவது, விலையில் ஆறு சதவீதம்தான். கணக்கு வருடத்துக்கு எத்தனை முறை தருவார்கள் என்றும் எழுதியிருக்க வேண்டும்.

குழுவுக்குள் காட்டினால் கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயம் புதியவர்களுக்கு உண்டு. 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையின்படி, அதில் சேர்ந்துள்ள நாடுகளில் பதிவு செய்யாமலே பதிப்புரிமை எழுதியவருக்குக் கிடைத்துவிடுகிறது. எழுதியவர் காலத்துக்குப் பிறகு குறைந்தது ஐம்பது ஆண்டுகள் அது நீடிக்கும். ஆனால் பாதுகாப்பு நீங்கள் எழுதிய வாக்கியங்களுக்குத்தான், கருவுக்கு அல்ல. ஆகவே வரைவுகளைத் தேதியோடு சேமித்து வையுங்கள். குழுவில் படித்ததை வெளியே பேசுவதில்லை, பகிர்வதில்லை என்று எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்பில் எந்த வரைவையும் எடுக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கான தேதிகள், சொல் வரம்பு, ஏழு நாள் விதி, இரண்டு முறை படிக்காமல் வந்தவருக்கு அவருடைய அடுத்த முறை கிடையாது என்ற விதி, இவற்றை முடிவு செய்யுங்கள். ஒவ்வொருவரும் கையில் இருப்பதில் மிகவும் முடிந்த நிலையில் உள்ள ஒரு படைப்பின் பெயரைப் பட்டியலில் எழுதி, அது முதலில் போக வேண்டிய இதழையும் எதிரே எழுதட்டும். வாட்ஸப் குழு தேதிகளுக்கும் பதில் வந்த செய்திகளுக்கும் மட்டும். பிறகு சீட்டுக் குலுக்கி, முதல் இரண்டு வரைவு யாருடையவை என்று எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.